எழுத்தில் வாங்கு

அன்புள்ள கலைக்கு,

மூன்று வாரமாக உன் போன் இல்லை. ஆபீசில் வேலை அதிகம் என்கிறாள் அம்மா. இருக்கட்டும்.

அமெரிக்காவில் பி.எச்டி. சேர்க்கைக்கான கடைசித் தேதி, ஜிஆர்இ நுழைவுத் தேர்வு, விண்ணப்பக் கட்டண விலக்கு எல்லாவற்றையும் துறையின் பக்கத்திலேயே பார். பல்கலைக்கழகப் பொதுப் பக்கத்தில் வேறு தேதி இருக்கும். துறையின் தேதி அதற்கு முந்தியே வந்துவிடலாம். எந்த ஆண்டுச் சேர்க்கைக்கு என்றும் பார், போன வருஷத்துப் பக்கம் மாற்றாமல் கிடக்கும். துறைப் பக்கமும் பொதுப் பக்கமும் முரண்பட்டால், துறையில் சேர்க்கை விவரம் சொல்லும் கிராஜுவேட் கோஆர்டினேட்டருக்கு நாலு வரி மெயில் போடு. எழுத்தில் வாங்கு. சித்தப்பாவின் மனை விஷயம் உனக்குத் தெரியும்.

பேராசிரியரிடம் கேட்க வேண்டியது, வரும் ஆண்டு மாணவர் எடுக்கிறாரா என்பது மட்டும். 'என் சிஜிபிஏ (சராசரி மதிப்பெண்) போதுமா' என்று எழுதாதே. பெரும்பாலும் முடிவெடுப்பது குழு, அவர் பதில் போடமாட்டார். உதவித்தொகையில் வாடகை போக என்ன மிஞ்சும், கோடையில் சம்பளம் உண்டா, எத்தனை பேர் கைடு மாறினார்கள் என்பதையெல்லாம் இப்போது அங்கே படிப்பவர்களிடம் கேள். ஒருவர் போதாது, மூன்று பேரிடமாவது.

பத்துக்கு வாங்கிய சிஜிபிஏவை நீயே நாலுக்கு மாற்றிப் போடாதே, படிவம் கேட்டாலொழிய. கணக்கில் இருநூறுக்கு இருநூறு வாங்கியவளுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. படிவத்தை முழுக்கப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதும் நீதானே.

உதவித்தொகையோடு இடம் கிடைத்து, 'இரண்டு நாளில் பதில் சொல்' என்று நெருக்கினால் பயப்படாதே. அங்கே பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒப்புக்கொண்ட 'ஏப்ரல் 15 தீர்மானம்' என்று ஒன்று உண்டு. அதில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகம் அந்தத் தேதிக்கு முன் உன்னைக் கட்டாயப்படுத்தக் கூடாது. கையெழுத்திட்டவர்கள் பட்டியலில் உன் பல்கலைக்கழகம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். சொந்தப் பணத்தில் படிக்கும் இடத்துக்கு அது பொருந்தாது. எதுவானாலும் எழுத்தில் வாங்கு.

வெளிநாட்டுப் படிப்புக்கு வழி சொல்லும் அந்த கன்சல்டன்சிக்கு உன்னைக் கூட்டிப்போனது நான்தான். ஜிஆர்இ இல்லாமல் முடியாது என்றார்கள், நானும் ஒத்து ஊதினேன். நீ கேட்ட துறை அதை வாங்குவதே இல்லை என்று அதன் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. பணம் கிடக்கட்டும், நாலு மாதம் உன் தூக்கம் போனது என் பேச்சால். கூட்டு வைத்த கல்லூரியில் சேர்த்தால் கமிஷன் வரும் ஆளிடம் போய் வழி கேட்டிருக்கிறேன்.

கடைசி நேரம் டிசம்பர் 15 இரவு 11.59 என்றால், அமெரிக்கக் கிழக்குக் கரை நேரமானால் நமக்கு 16ஆம் தேதி காலை 10.29, கலிபோர்னியா என்றால் மதியம் 1.29. அதுவரை காத்திராதே. பரிந்துரைக் கடிதம் மூன்றும் ஏறிவிட்டனவா என்று போர்ட்டலில் பார்.

அம்மா கேட்கச் சொன்னாள், அனுப்பிவிட்டாயா?

அப்பா