பாரிசிலிருந்து தம்பிக்கு

லாச்சப்பல், பாரிஸ்

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். அம்மா, அப்பா, உன் சுகம் அறிய ஆவல். நீ கேட்டதைப் போனில் பேசினால் சண்டையில்தான் முடியும். அதனால் எழுதுகிறேன்.

உன்னை ஃபிரான்சில் ஒரு உதைபந்தாட்டக் கிளப்பில் சேர்த்துவிடுவதாகச் சொல்லி அந்த ஏஜென்சிக்காரன் அப்பாவிடம் லட்சக்கணக்கில் கேட்கிறான் என்றாய். ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். உன் ஆட்டத்தை மட்டமாக நினைத்து இதைச் சொல்லவில்லை. இங்கே முதல் டிவிஷன் கிளப் ஒன்றில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ளவர்கள் நான்கு பேருக்குத்தான் இடம். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கு ஒப்பந்தப்படி அந்தக் கணக்கில் விலக்கு உண்டு, இலங்கைக்கு இல்லை. அந்த நான்கு இடத்துக்குப் பிரேசில்காரனும் ஆர்ஜென்டினாக்காரனும் நிற்கிறார்கள். இதே மாதிரி ஆட்களை நம்பி வந்து பாரிஸ் தெருவில் விடப்பட்ட ஆப்பிரிக்கப் பெடியன்களுக்கு உதவ, கமரூன் அணியின் முன்னாள் விளையாட்டுக்காரர் ஒருவர் 2000ஆம் ஆண்டு ஃபுட் சொலிடேர் என்று ஒரு அமைப்பையே தொடங்க வேண்டி வந்தது. அப்பாவுக்கு இதை வாசித்துக் காட்டு.

என் பாடு பரவாயில்லை. கோப்பை கழுவுவதை விட்டு இப்போது அடுப்படிக்கு வந்துவிட்டேன். குசினியில் நின்று நின்று கால் வீங்கும், ஆனால் கை சூடாக இருக்கும், இந்தக் குளிருக்கு அதுவே பெரிய விஷயம். ஞாயிறுகளில் லா கூர்னவ் பக்கம் எங்கள் பெடியன்கள் விளையாடுவதைப் பார்க்கப் போவேன்.

எங்கள் செஃப் லு ஆவ்ர் ஊர்க்காரர். துறைமுக நகரம். நீ மிட்பீல்டில் ஆடுகிறாய் என்று சொன்னதும், ஃபிரான்ஸ் அணிக்கு ஆடிய தன் ஊரின் விகாஷ் தொராசுவைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டார். எங்களைப் போலத்தான் இருப்பான் ஆள். மொரிஷியசிலிருந்து வந்த குடும்பம், பூர்வீகம் தெலுங்கு. 1973இல் லு ஆவ்ருக்குப் பக்கத்தில் ஆர்ஃப்ளரில் பிறந்தவர். ஐரோப்பாவில் ஒரு விளையாட்டுக்காரனின் பிழைப்பு எப்படி என்று கேட்டாயே, அவருடைய கதையைச் சொல்கிறேன்.

லு ஆவ்ரில் தொடங்கினார். 1998இல் லியோன் கிளப் வாங்கியது. 2001இல் ஒரு சீசனுக்கு போர்தோவுக்கு இரவல் கொடுத்தார்கள், திரும்பி வந்து லியோனுடன் இரண்டு முறை லீக் பட்டம் வென்றார். 2004இல் இத்தாலியின் மிலான் கிளப். அங்கே பிர்லோ, கட்டூசோ, செடோர்ஃப், காகா எல்லோரும் அவர் இடத்திலேயே ஆடுகிறவர்கள்! 2005 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் இஸ்தான்புல்லில். மூன்று கோல் முன்னால் இருந்த மிலான் லிவர்பூலிடம் தோற்றதே, அன்று முழுவதும் அவர் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் பாரிஸ் சேன்-ஜெர்மேன் கிளப். 2006 ஏப்ரலில் ஃபிரெஞ்சுக் கோப்பை இறுதியாட்டம், எதிரே மார்செய். பெனால்டி பெட்டிக்கு வெளியே வெகு தூரத்திலிருந்து அடித்தார். 2–1 வென்ற ஆட்டத்தில் அது இரண்டாவது கோல். செஃப் தன் போனில் அதை எனக்கு மூன்று நான்கு தரம் போட்டுக் காட்டினார், சட்டியில் வெங்காயம் கருகும்வரை.

அந்த வருடமே உலகக் கோப்பை. தேசிய அணியில் 18 ஆட்டம் ஆடிய மனிதர், ஆனால் ஜெர்மனியில் கிடைத்தது முதல் இரண்டு ஆட்டங்களின் கடைசிச் சில நிமிடங்கள் மட்டும். ஃபிரான்ஸ் இறுதியாட்டம் வரை போனது, அவரை அதற்குப் பிறகு இறக்கவே இல்லை. ஹோட்டல் அறையில் இருந்து ஒரு சின்ன ஃபிலிம் கேமராவில் தன்னையே படம் பிடித்துக்கொண்டிருந்தார், அது பிறகு ஆவணப்படமாக வந்தது. அக்டோபரில், அவர் ஃபிரெஞ்சுக் கோப்பை வாங்கிக் கொடுத்த அதே பாரிஸ் கிளப் அவரை வேலையை விட்டு நீக்கியது. பிறகு இத்தாலியில் லிவோர்னோ. அங்கே ஒரு லீக் ஆட்டம்கூட ஆடவில்லை. 34 வயதில் முடித்துக்கொண்டார்.

ஃபிரான்சுக்கு ஆடியவனுக்கே இதுதான் நிலைமை, தம்பி. மற்றவர்கள் இரண்டாம், மூன்றாம் டிவிஷனில் ஊர் ஊராக மாறுகிறார்கள். இங்கே எல்லா விளையாட்டுக்காரருக்கும் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் ஒப்பந்தம், நான் முதலில் செய்த வேலை மாதிரி. அதுவே போராடி வாங்கியது. 1969 வரை ஒரு கிளப்பில் கையெழுத்துப் போட்டால் 35 வயது வரை கிளப்பின் சொத்து, விற்பதும் வைத்திருப்பதும் அவர்கள் இஷ்டம். நாங்கள் அடிமைகள் என்று ஃபிரான்ஸ் அணியின் கோபா 1963இல் பகிரங்கமாகச் சொன்னார், அவ்வளவு பெரிய நட்சத்திரம். இன்றைக்கு ஒப்பந்தம் முடிந்து கிளப் கிடைக்காதவர்களைக் கோடையில் விளையாட்டுக்காரர்களின் தொழிற்சங்கமே கூட்டிச் சேர்த்துப் பயிற்சி கொடுக்கிறது, யாராவது பார்த்து எடுக்கட்டும் என்று கிளப்புகளோடு நட்பு ஆட்டமும் ஆட வைக்கிறது. அதை நான் பெரிதாக மதிக்கிறேன். வேலை போனவன் தனியாக வீட்டில் கிடக்க வேண்டியதில்லை.

நீ விளையாட்டை விட்டுவிடு என்று சொல்லவில்லை. போன ஞாயிறு இங்கே ஒரு பெடியனைப் பார்த்தேன். பந்து காலுக்கு வருமுன் இரண்டு தோளுக்கு மேலாலும் திரும்பிப் பார்த்துவிடுகிறான். பந்து வந்ததும் யோசிக்கத் தேவையில்லை, ஒரே தொடுகையில் மற்றப் பக்கம் போய்விடுகிறது. கோல் அடித்தவனைத்தான் எல்லோரும் தூக்கினார்கள். எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது, உனக்கும் அந்தக் கண் இருக்கிறது. கொழும்புக் கழகங்களில் இடம் கேட்டுப் பார், மாலைதீவு லீக்குக்கு எங்கள் நாட்டு ஆட்கள் போயிருக்கிறார்கள். அந்த வழிகள் உன் ஆட்டத்தைப் பார்த்துத் திறப்பவை, அப்பாவின் காணி உறுதியைப் பார்த்து அல்ல. தொழில்நுட்பக் கல்லூரிப் படிப்பையும் முடி, அதற்குக் காசு நான் அனுப்புகிறேன்.

அடுத்த முறை துரையப்பா மைதானத்தில் ஆடும்போது யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லு. நல்ல துண்டுகளை மட்டும் வெட்டி அனுப்பாதே, முழு ஆட்டமும் வேண்டும். பந்து உன்னிடம் இல்லாத நேரத்தில் நீ எங்கே நிற்கிறாய் என்று செஃப்புக்கும் காட்டப் போகிறேன்.

அம்மாவின் மருந்துக்குக் காசு போட்டுவிட்டேன். கிடைத்ததும் சொல்லு.

அன்புடன்,
அண்ணா