பாதாளக்கரண்டியும் ஒரு தேடல் பெட்டியும்

பாளையங்கோட்டை
ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மக்கா,

உன் குரல் பதிவை மூன்று தடவை கேட்டுவிட்டேன். மொத்தம் நாலரை நிமிடம். அதில் மூன்று நிமிடம் என்னைத்தான் ஏசியிருக்கிறாய். "கதை உள்ளதாம்ல கெடக்கு, உன் ஆப்பு இல்லங்கு" என்று நீ சொன்ன இடத்தில் பின்னால் மதினி சிரிக்கிற சத்தம் கேட்டது. ஃபோனில் பதில் சொன்னால் நீ பேச விடமாட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஊர்ச் செய்தி. குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டது. இங்கே நமக்கு அதன் காற்று மட்டும்தான்; கொடியில் போட்ட துண்டு அடுத்த வீட்டு மொட்டைமாடியில் கிடக்கிறது. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேர் நெருங்கிவிட்டதால் டவுன் பக்கம் போகவே பயமாக இருக்கிறது, அவ்வளவு நெரிசல். 2023 டிசம்பர் வெள்ளத்தில் என் கீழ்த்தட்டுப் புத்தகங்கள் ஊறிப்போனது உனக்குத் தெரியும். காயவைத்து எடுத்ததில் பாதி இன்னும் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்துதான் கிடக்கிறது. அதற்கப்புறம்தான் நானே மொபைலில் ஒழுங்காக வாசிக்க ஆரம்பித்தேன். அதுவரை நீ ஏசுகிற அந்த வாசிப்புச் செயலி எனக்கு வேலை. சம்பளம் வருகிற இடம். வாசகனாக அதற்குள் நுழைந்த பிறகுதான், தேடல் பெட்டியை நாங்கள் எவ்வளவு மோசமாகச் செய்து வைத்திருக்கிறோம் என்று உறைத்தது.

சரி, உன் கதைக்கு வருகிறேன். கிணற்றில் குடம் விழுந்து, பாதாளக்கரண்டி இரவல் வாங்கப் போய், அந்தச் சாக்கில் இரண்டு வீட்டுப் பழைய பகை பேசித் தீர்கிற கதை. போன வருடம் இதே செயலியில் வாசித்தது, பெயர் மறந்துபோயிற்று என்றாய். நீ 'பாதாள கரண்டி' என்று அடித்திருக்கிறாய். புத்தகத்தில் இருப்பது 'பாதாளக்கரண்டியை'. நமக்கு இரண்டும் ஒன்று. இயந்திரத்துக்கு நடுவில் ஓர் இடைவெளி கூடுதல், ஒரு 'க்' குறைவு, கடைசியில் ஒரு 'யை' குறைவு. அடுத்து 'கிணறு' என்று தேடினாயாம். அந்தக் கதை முழுக்கக் 'கிணற்றுக்குள்', 'கிணற்றடியில்', பேச்சு வருகிற இடத்தில் 'கெணத்துல'. 'கிணறு' என்று முழுசாக ஓர் இடத்தில்கூட இல்லை. கிணறு இல்லாத கிணற்றுக் கதை!

உள்ளே நடப்பது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. புத்தகத்தின் கடைசியில் சொல்லடைவு போடுவார்களே, இன்ன சொல் இன்ன பக்கம் என்று, அதையே நூலில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் போட்டு வைத்திருக்கிறோம். நீ அடிக்கிற சொல் அந்தப் பட்டியலில் இருந்தால் பக்கம் வரும், இல்லாவிட்டால் கிடையாது. ஆங்கிலத்தில் இது ஒருவாறு ஒப்பேறிவிடும். நம் சொல் வேற்றுமை ஏறும்போது வாலை மட்டுமா மாற்றுகிறது? குளம் என்றால் குளத்தில், குளத்துக்கு, குளக்கரை. வீடு என்றால் வீட்டில். உடம்பே மாறிவிடுகிறது.

இதில் ஒரு கூத்து. கைபேசிக்குள்ளேயே, நெட் இல்லாமல் தேடுவதற்கு ஒரு தரவுத்தள நிரலை வைத்திருந்தோம். களக்காட்டுப் பக்கம் மலையடிவாரத்தில் சிக்னல் கிடைக்காத ஊர்களில் வாசிப்பவர்களுக்காக. அதை வாங்கினபடியே, அமைப்பை மாற்றாமல் மாட்டிவிட்டார்கள். அந்த அமைப்பில் எழுத்தும் எண்ணும் மட்டும்தான் சொல்லின் உறுப்பு. மற்றதெல்லாம் சொல்லைப் பிரிக்கிற இடைவெளி. நம் கால், கொம்பு, சுழி, புள்ளி எதையும் யூனிகோடு 'எழுத்து' என்று வகைப்படுத்தவில்லை. 'குறி' என்றுதான் போட்டிருக்கிறது. விளைவு, 'குளம்' என்ற சொல் 'க' என்றும் 'ளம' என்றும் இரண்டு துண்டாகி உட்கார்ந்திருந்தது. குளத்தை வெட்டி இரண்டு வயலாக்கின மாதிரி. 'குறியும் சொல்லில் சேரும்' என்று ஒரே ஒரு வரி எழுதினதும் சரியாயிற்று. அந்த ஒரு வரி தெரியாமல் எத்தனை பேரை 'இல்லை' என்று திருப்பி அனுப்பினோமோ.

அப்புறம் வேற்றுமை உருபுகளை வெட்டுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். '-த்தை' என்று முடிந்தால் அதை எடுத்துவிட்டு 'ம்' போடு என்று விதி எழுதினேன். குளத்தை குளமாயிற்று, மரத்தை மரமாயிற்று. எனக்கு ஒரே பெருமை. மறுநாள் காலையில் 'நம் ஊர்' என்று தேடிப் பார்த்தால் முதலில் வந்து நின்றது ஒரு சிறுவர் கதை, நத்தையைப் பற்றி. யோசித்தால்தான் புரிந்தது: நத்தையில் 'த்தை'யை வெட்டி 'ம்' ஒட்டினால் 'நம்'. அதே விதியில் அத்தை 'அம்' ஆகியிருந்தாள், மெத்தை 'மெம்' ஆகியிருந்தது. வெட்டின பிறகு குறைந்தது இரண்டு எழுத்தாவது மிஞ்ச வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டதும் அத்தையும் மெத்தையும் பிழைத்தன. சிறுத்தை மட்டும் இன்னும் 'சிறும்' ஆகத்தான் திரிகிறது. 'சிறும்' என்று யாரும் தேடப் போவதில்லை என்பதால் அதை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். பாபநாசம் பக்கம் ஊருக்குள் வந்துவிட்டுத் தானாகவே காட்டுக்குத் திரும்புகிற சிறுத்தை மாதிரி, தொந்தரவு செய்யாதவரை போகட்டும்.

எழுத்து என்ற உடனே இன்னொன்று ஞாபகம் வருகிறது. மூன்று எழுத்தாவது அடித்தால்தான் தேடும் என்று ஒரு விதி முன்பே இருந்தது. எந்த மொழிக்கு யார் எழுதின விதியோ! பூ, தீ, கை, மை எல்லாம் நமக்கு முழுச் சொல். ஓரெழுத்து ஒருமொழி 42 என்று நன்னூல் கணக்கே சொல்லியிருக்கிறது, ஒன்பதாம் வகுப்பில் அடி வாங்கிக்கொண்டு மனப்பாடம் செய்தோமே. அந்த விதியைத் தூக்கிய அன்று எனக்கு அந்தப் பிரம்படிக்குக் கூலி கிடைத்த மாதிரி இருந்தது.

எல்லாம் இப்படிச் சுலபமாக முடியவில்லை. 'கொ' என்ற எழுத்தைக் கணினிக்குள் இரண்டு விதமாக எழுதலாம்: கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாக, அல்லது தனித்தனிக் குறிகளாக. பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. இதற்கு யூனிகோடே மருந்து வைத்திருக்கிறது, இரண்டையும் ஒன்றாக்கிவிடும். 'கௌரி'தான் சிக்கல். பலர் கொம்பு போட்டுப் பக்கத்தில் 'ள' எழுதிக் 'கெளரி' என்று அடிக்கிறார்கள். இதற்கு அந்த மருந்து கேட்காது, ஏனென்றால் 'ள' நிஜமான எழுத்து. குழுவில் ஒரு தம்பி சட்டென்று, ஒற்றைக் கொம்புக்குப் பின் வெறும் 'ள' வந்தால் அதை 'ஔ' ஆக்கிவிடலாம் என்றான். சென்னைப் பையன். நான் ஒரு நெல்லைக் கதையைத் திறந்து காட்டினேன்: 'வெளக்கப் பொருத்துடி, இருட்டிட்டு'. அவன் விதிப்படி அது 'வௌக்க' ஆகிவிடும். நம் ஆச்சிமார் பேச்சையெல்லாம் வௌவாலாக்கப் பார்த்தான். கடைசியில் எதையும் மாற்றுவதில்லை, இரண்டு வடிவத்தையும் பட்டியலில் சேர்த்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். புத்தகத்தில் இருப்பதைத் தொடக் கூடாது. தேடுகிறவன் எப்படி வந்தாலும் கதவைத் திறக்க வேண்டும். எனக்கு அதில் பிடிவாதம் உண்டு.

உங்கள் வீட்டுப் புறவாசலில் ஆணியில் ஒரு பாதாளக்கரண்டி தொங்குமே, ஞாபகம் இருக்கிறதா? இரும்பு வளையம், அதைச் சுற்றிக் கொத்தாகக் கொக்கிகள். இரவல் கேட்டு வருகிறவர்களிடம் உங்கள் ஆச்சி ஒரு செம்பை வாங்கி வைத்துக்கொண்டுதான் கொடுப்பாள். ஒரு தடவை நம் வாளியை எடுக்கப் போட்டபோது வாளி வரவில்லை, யாரோ எப்போதோ போட்ட பித்தளைச் சொம்பு ஒன்று வந்தது. கிணற்றுக்குள் பொருள் எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கிறது என்று மேலே நிற்பவனுக்குத் தெரியாது. அதனால்தான் அத்தனை கொக்கி. இந்த மாதங்களில் நாங்கள் செய்தது அதுதான், ஒற்றைக் கொக்கியில் தேடிக்கொண்டிருந்த பெட்டிக்குக் கூடுதல் கொக்கிகள் வைத்தது.

அதில் ஒரு கொக்கி என் யோசனையே இல்லை. எதிர்வீட்டுத் தமிழ்ச் சார்வாளுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. ஒரு நாள் தார்சாவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தேடுவதைப் பார்த்தேன். ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தி, ஒரு கதையின் முதல் வரியை அப்படியே முழுசாக அடிக்கிறார். "சார்வாள், தலைப்பைப் போடுங்க" என்றேன். "தலைப்பு யாருக்குடே ஞாபகம் இருக்கு? நாங்க பாட்டு முதற்குறிப்பு பார்த்து வளந்தவங்க" என்றார். உண்மைதான். பழைய செய்யுள் நூல் எதை எடுத்தாலும் கடைசியில் பாட்டு முதற்குறிப்பு அகராதி இருக்கும். முதல் சீரைச் சொன்னால் பாட்டு எண் வந்துவிடும். நாங்கள் என்னடாவென்றால் தலைப்பு, ஆசிரியர், வகை என்று மூன்று கட்டம் வைத்துக்கொண்டிருந்தோம். இப்போது ஒவ்வொரு கதைக்கும் கட்டுரைக்கும் முதல் வரியைத் தனியாக எடுத்து வைத்து, அதில் பொருந்தினால் மேலே காட்டுகிறோம். முடிவுப் பட்டியலிலும் தலைப்புக்குக் கீழே முதல் வரி வருகிறது. தலைப்பை மறந்தவர்கள் அதைப் பார்த்ததும் "ஆங், இதுதான்" என்று தொட்டுவிடுகிறார்கள்.

ஆசிரியர் பெயர் விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் கொடுத்த பாடு தனி. சொ. விருத்தாசலம் என்று தேடினால் புதுமைப்பித்தன் வர வேண்டும். ரா. சு. கிருஷ்ணசாமி என்றால் வல்லிக்கண்ணன். வண்ணதாசன் கவிதைக்கு மட்டும் கல்யாண்ஜி. அவருடைய அப்பாவைத் தி.க.சி., தி. க. சி., திகசி, சிவசங்கரன் என்று நாலு விதமாகத் தேடுகிறார்கள். எழுத வந்தால் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று தாமிரபரணித் தண்ணீரில் ஏதோ இருக்கிறது போல. நூலகத்து அட்டைகளில் 'காண்க' என்று ஒரு குறிப்பு இருக்கும், ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்கு ஆளை அனுப்ப. மாவட்ட நூலகத்தில் அந்த அட்டைகளை நாம் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப்போட்டுத் திட்டு வாங்கியிருக்கிறோம். அதே 'காண்க'வைத்தான் இப்போது உட்கார்ந்து கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீ கடைசியில் சொன்ன குறை எனக்கு உண்மையிலேயே வலித்தது. வாசித்துக்கொண்டிருந்த நாவலுக்குள் ஒரு பெயரைத் தேடி, ஒரு முடிவைத் தொட்டதும் அங்கே போய்விட்டது, திரும்ப வந்தால் வாசித்த பக்கம் காணோம் என்றாய். காகிதப் புத்தகத்தில் வாசித்த பக்கத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு மற்றக் கையால் முன்னே புரட்டிப் பார்ப்போம் இல்லையா, அந்த விரல் எங்கள் செயலியில் இல்லை. இப்போது கீழே 'வாசித்த இடத்துக்கு' என்று ஒரு பட்டை நிற்கும், நீ தொடுகிறவரை போகாது. வேலை இரண்டு நாள்தான். இதைவிட மேலதிகாரியுடன் சண்டை போட்ட நாட்கள் அதிகம். தேடல் பெட்டியைத் தொட்டதும் 'இப்போது பிரபலமானவை' என்று பத்து அட்டைப்படம் விரிய வேண்டும் என்கிறார். ஒன்றைத் தேடி வந்தவன் முகத்துக்கு நேரே வேறு பத்தை நீட்டுவது, பாயாசத்துக்குக் கையேந்தினவனுக்கு மறுபடி ரசம் ஊற்றுகிற மாதிரி. இந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

முடியாதவை வேறும் இருக்கின்றன. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான புத்தகங்களைப் படம் பிடித்து, படத்திலிருந்து எழுத்தாக மாற்றும்போது, தும்பிக்கை போட்ட அந்தப் பழைய லை, னை எல்லாம் கண்டபடி வந்து விழுகிறது. அங்கே தேடல் என்ன செய்யும், மூலமே பிழை. ஆள் வைத்துத்தான் திருத்த வேண்டும்.

பேச்சு வழக்குக்கும் இன்னும் வழி பிறக்கவில்லை. கிணறும் கெணறும் ஒன்று என்று சொல்லிக் கொடுத்தாயிற்று. மங்களா, பட்டாசாலை, சொக்காரன், ஏனம் இதையெல்லாம் விதி போட்டுப் பிடிக்க முடியாது. கரிசல் சொற்களுக்குக் கி.ரா. அகராதியே தொகுத்து வைத்தார். நம் ஆற்றங்கரைப் பேச்சுக்கு நான் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். உங்கள் அம்மாவிடம் பேசும்போது காதில் விழுகிற சொல்லைக் குறித்து அனுப்பு. நீ பூனாவில் உட்கார்ந்து மறந்திருப்பாய், அம்மா மறந்திருக்க மாட்டாள்.

உன் கதையைக் கண்டுபிடித்துவிட்டேன், அதன் சுட்டியைத் தனியாக அனுப்புகிறேன். புது மருமகள் குடத்தைப் போட்டாள் என்று அடித்துச் சொன்னாயே, குடத்தைப் போட்டது மாமியார். மருமகள்தான் கரண்டி இரவல் கேட்டுப் போகிறாள். 'மருமகள் குடம்' என்று நீ தேடினதற்கு இனிமேல் அந்தக் கதை ஆறாவதாக வருகிறது. முதலாவதாக வரவைக்க வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். தேருக்கு வருவாயானால் முன்கூட்டிச் சொல், மாடி அறையைக் கூட்டி வைக்கிறேன். உங்கள் புறவாசல் ஆணியில் அந்தக் கரண்டி இன்னும் தொங்குகிறதா என்றும் அம்மாவிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
உன் பழைய கடைசி பெஞ்சுக்காரன்