காபி கிரைண்டரின் ஆடும் பர் வளையம்: புகாரும் கோரிக்கையும்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: மின்சார காபி கிரைண்டரின் வெளிப் பர் (கொட்டையை அரைக்கும் பற்கள் உள்ள பாகம்) வளையம் ஆடுவதும், மாற்றுப் பாகம் தர மறுப்பதும் தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் பட்ஜெட் வகை மின்சார காபி கிரைண்டரை வீட்டு உபயோகத்துக்கு வாங்கினேன். உத்தரவாதக் காலம் இன்னும் முடியவில்லை. பில் நகல், படங்கள், ஒரு வீடியோ மூன்றையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். தயவுசெய்து அவற்றைப் பார்த்துவிட்டுப் பதில் எழுதுங்கள். இதுவரை வந்த பதில்களைப் படித்தால் யாரும் அவற்றைத் திறந்தே பார்க்கவில்லை என்று தெரிகிறது.

குறைந்த விலையில் கிடைப்பவற்றில் பல பிளேடு வகை. பிளேடு கொட்டையைக் கண்டபடி வெட்டித் தள்ளும். எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் பாதி மாவாகவும் பாதி துண்டாகவும்தான் வரும். அது வேண்டாம் என்றுதான், கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து, உங்கள் கூம்பு பர் கிரைண்டரை எடுத்தேன். உள்ளே சுழலும் கூம்புக்கும் வெளியே நிற்கும் வளையத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் தூளின் அளவைத் தீர்மானிக்கிறது. பர் கிரைண்டருக்குப் பணம் கொடுப்பது அந்த இடைவெளிக்காகத்தான்.

அந்த இடைவெளிதான் உங்கள் மெஷினில் நிலையாக இல்லை. மேல்மூடியைக் கழற்றி, வெளி வளையம் உட்காரும் பிளாஸ்டிக் தாங்கியை விரலால் லேசாக அழுத்தினால் ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் எழும்புகிறது. வீடியோவில் தெளிவாகத் தெரியும். அழுத்தத்தில் வடிக்கும் எஸ்பிரெசோ காபிக்கான துகள் அரை மில்லிமீட்டருக்கும் குறைவானது. அவ்வளவு நுணுக்கமான வேலையில் வளையம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு ஆடினால், தூளின் அளவைத் தேர்ந்தெடுக்க வெளியே இருக்கும் எண்களுக்கு என்ன அர்த்தம்? பெட்டியில் 40 அளவுகள் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். நடுவில் ஐந்தாறு எண் தள்ளி வைத்தாலும் தூளில் வித்தியாசமே தெரிவதில்லை. மாறாக, ஒரே எண்ணில், அதே கொட்டையை, 15 கிராம் எடைபோட்டு அரைத்து, வடிதாளில் போட்டு 250 கிராம் தண்ணீர் ஊற்றினால், ஒரு நாள் இரண்டு நிமிடத்தில் சரசரவென்று இறங்கிவிடுகிறது. மறுநாள் வடிதாள் அடைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் ஆகிறது.

தூளை வெள்ளைத் தாளில் பரப்பி எடுத்த படத்தைப் பாருங்கள். தூளை வெந்நீரில் ஊறவைத்து வடிக்கும் பிரெஞ்சு பிரஸ்ஸுக்காகக் கொரகொரப்பான அளவில் அரைத்தது அது. கால் கொட்டை அளவுக்குத் துண்டுகள் கிடக்கின்றன. பக்கத்திலேயே விரலில் பவுடர் போல ஒட்டும் தூசி. நைசான தூளிலிருந்து தண்ணீர் சாரத்தைச் சீக்கிரம் எடுத்துவிடும், பெரிய துண்டுக்குள் அது புகவே நேரமாகும். அதனால் ஒரே கோப்பையில் கசப்பும் புளிப்பும் சேர்ந்து வருகின்றன. நல்ல கொட்டையாகப் பார்த்து வாங்கி, பார்த்துப் பார்த்துப் போடுகிற காபி அப்படி வரும்போது மனசு நொந்துபோகிறது.

எந்தப் பர் கிரைண்டரிலும் கொஞ்சம் தூசி வரத்தான் செய்யும், விலை குறைந்ததில் இன்னும் கொஞ்சம் கூடவே வரும். அதை நான் குறை சொல்லவில்லை. வெளிப்புறம் முழுக்க பிளாஸ்டிக், டைமர் கிடையாது, சத்தம் அதிகம், வாய்க்குழலில் கொஞ்சம் தூள் தங்குகிறது. இந்த விலைக்கு இதெல்லாம் சரி. விலையைக் குறைக்க நீங்கள் வேறு எங்கே வேண்டுமானாலும் கை வைத்திருக்கலாம், பர் உட்காரும் இடத்தில் மட்டும் வைத்திருக்கக் கூடாது.

உங்கள் சேவைப் பிரிவிலிருந்து முதலில் வந்த பதில், ‘சுத்தம் செய்து பாருங்கள்’. பிரஷ் போட்டு இடுக்கு விடாமல் சுத்தம் செய்துவிட்டுத்தான் எழுதியிருந்தேன். அடுத்து, தூள் சிதறி ஒட்டுவது நிலைமின்சாரத்தால் வருவது, இயல்பானது என்றார்கள். அது இயல்பு என்பது எனக்கும் தெரியும். அரைக்கும் முன் கொட்டையில் சிறிது தண்ணீர் சேர்த்தால் அது குறையும் என்று ஓரிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் 2023இல் எழுதியிருக்கிறார்கள். நானும் ஒரு துளி விட்டுக் கலக்கித்தான் அரைக்கிறேன். நான் கேட்டது வளையம் ஆடுவதைப் பற்றி. அதற்கு ஒரு வரி கூடப் பதில் இல்லை.

கடைசியாக வந்த பதில்தான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. பர் ‘தேய்மானப் பாகம்’, ஆகவே உத்தரவாதத்தில் வராது என்கிறீர்கள். சரி, அப்படியானால் காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்டேன். உதிரிபாகமாக விற்பதில்லை என்கிறீர்கள். தேய்கிற பாகம் என்றால் மாற்றுப் பாகம் கிடைக்க வேண்டும். கிடைக்காது என்றால் உத்தரவாதத்தில் சேர்க்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால், மோட்டார் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மெஷினைக் குப்பையில் போடச் சொல்கிறீர்கள் என்றுதான் பொருள். அதோடு, இங்கே பர் தேயவே இல்லை, அதன் பற்கள் புதிதாகவே இருக்கின்றன. ஆடுவது அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் தாங்கி. அது தேய்மானம் அல்ல, தயாரிப்புக் குறை.

என் கோரிக்கை இதுதான். ஆடாத தாங்கியும் வளையமும் அனுப்புங்கள், மாட்டுவதை நானே செய்துகொள்கிறேன். அது முடியாதென்றால் மெஷினை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தாருங்கள். இதே மாடலில் வேறொன்று அனுப்புவதாக இருந்தால், அனுப்பும் முன் யாராவது ஒருவர் மூடியைக் கழற்றி வளையத்தை விரலால் அழுத்திப் பார்க்கட்டும், அரை நிமிட வேலை.

அப்புறம், பெட்டியில் இருக்கும் வாசகத்தையும் மாற்றுங்கள். எஸ்பிரெசோ முதல் பிரெஞ்சு பிரஸ் வரை எல்லாவற்றுக்கும் ஏற்றது என்று போடாமல், எதற்கு உண்மையிலேயே நன்றாக அரைக்குமோ அதை மட்டும் போடுங்கள். குறைந்த பணத்தை வைத்துக்கொண்டு யோசித்து யோசித்து வாங்குகிறவர்கள் அந்த ஒரு வரியை நம்பித்தான் எடுக்கிறார்கள்.

பத்து வேலை நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் இதே ஆதாரங்களுடன் நுகர்வோர் குறைதீர் அமைப்பில் புகார் கொடுப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்