யாழினி கேட்டதற்குப் பதில்

அன்பு மகள் செல்விக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை.

மழைக்காடு எதற்கு, பிள்ளைகள் அதற்கு என்ன செய்யலாம் என்று பள்ளிக்கூடத்தில் எழுதிவரச் சொன்னார்களாம் யாழினியை. போனில் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள், "உண்டியல் காசை மரம் வைக்கக் குடுக்கலாம்னு இருந்தேன் அம்மாச்சி, இப்ப அதுல ஒண்ணும் இல்ல" என்றாள். நீ போனை வாங்கி, அடுப்பில் பால் இருக்கிறது என்று வைத்துவிட்டாய். அப்புறம் நீ கூப்பிடவே இல்லை. சரி, வேலை இருந்திருக்கும். இதை அவளுக்குப் படித்துக் காட்டு.

பல்லடம் பக்கம் வாய்க்காலில் ஓடும் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம்) தண்ணீர் நம் ஆனைமலையில் பெய்த மழைதான் என்று சொல்லு. சோலைக்குள், அதாவது இந்த மழைக்காட்டுக்குள், விழுகிற மழை சருகிலும் வேரிலும் ஊறி மெல்ல மெல்ல ஓடைக்கு வரும். மரம் போன சரிவில் மண்ணையும் இழுத்துக்கொண்டு ஒரே நாளில் ஓடிவிடும். வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலைக்காக வெட்டியது போக வால்பாறையில் மிஞ்சியது துண்டு துண்டான சோலைகள்தான். அதற்குள்தான் சோலைமந்தி என்கிற சிங்கவால் குரங்கும் இருவாச்சியும் பிழைக்க வேண்டும்.

இங்கே நாற்றங்காலில் வெடிப்பலா என்கிற காட்டு மரத்தின் விதை போடுகிறோம். பாதையோரம் விழுந்ததை மட்டும்தான் எடுப்போம், காட்டுக்குள் விழுந்தது காட்டுக்கே. இந்த விதைகளை நெல் மாதிரி காயவைத்து எடுத்துவைக்க முடியாது, காய்ந்தால் செத்துவிடும். ஈரத்தோடு மணலில் புதைத்து, முளைத்ததும் பைக்கு மாற்றி, வளர்ந்த பிறகு மழைக்காலத்தில் கொண்டுபோய் நடுவோம். யாழினி வந்தால் பைக்கு மண் நிரப்பலாம். ரத்தம் குடிக்கிற அட்டைக்குப் பயப்படுவாளோ என்னவோ, நீ அந்த வயதில் அட்டையைப் பிய்த்துப் போட்டுவிட்டு எனக்கு முன்னால் நடப்பாய். எதையும் என்னிடம் மறைக்கவும் மாட்டாய்.

காசு இல்லையென்று அவள் வருத்தப்பட வேண்டாம். 1987-இல் சுவீடனில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காசு சேர்த்து, கோஸ்டா ரிகாவில் வெட்டப்பட இருந்த காட்டை வாங்க ஆரம்பித்தார்கள். பல நாட்டுப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். இன்று அது 50,000 ஏக்கருக்கு மேல் பிள்ளைகளின் காடாகவே நிற்கிறது. ஆனால் காசு கொடுத்தால்தான் உதவி என்றில்லை. இங்கே வால்பாறை புதுத்தோட்டத்தில் ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள், மந்திகள் வண்டியில் அடிபடாமல் கடக்க. சுற்றுலா வருகிறவர்கள் சிப்ஸ் பாக்கெட்டை நீட்டினால் அதுகள் மறுபடி ரோட்டுக்குத்தான் இறங்கும். "போடாதீங்க" என்று பெரியவர்களிடம் ஒரு பிள்ளை சொன்னால் கேட்கிறார்கள். நானே பார்த்திருக்கிறேன்.

இருவாச்சியைப் பற்றியும் எழுதச் சொல்லு. பெண் பறவை உயரமான மரத்துப் பொந்துக்குள் போய், தன் எச்சத்தாலேயே வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழைகிற கீற்று மட்டும் மிச்சமிருக்கும். ஆண்தான் அத்திப்பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். அது வந்துகொண்டிருக்கும் வரை கவலை இல்லை. வராமல் போனால் உள்ளே தாயும் குஞ்சும் என்ன செய்யும்? எத்தனை நாள் பொறுக்கும்? அப்படி அடைத்துக்கொண்டது என்றாலும், வேளை வந்தால் அதே அலகால் கொத்தி உடைத்து வெளியே வரவும் அதற்குத் தெரியும். அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லு. பொங்கலிலிருந்து அவர் குரலையே கேட்கவில்லை. தறி ஓடுகிறதா?

மே மாதம் லீவு விட்டதும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா. பொள்ளாச்சியில் காலை பஸ்ஸையே பிடி, 40 கொண்டை ஊசி வளைவும் வெளிச்சத்திலேயே ஏறிவிட வேண்டும். இருட்டில் யானை நிற்கும். காலை பஸ், மறக்காதே. துணிமணி கூடவே எடுத்துக்கொள், எத்தனை நாள் என்று நானும் அப்பாவும் கேட்க மாட்டோம். பஸ்ஸுக்குக் காசு வேண்டுமென்றால் ஒரு மிஸ்டு கால் கொடு, அப்பா பல்லடத்துக்கே வந்து கூட்டிக்கொண்டு வருவார்.

அம்மா