ஜான்சனுக்கு வரவேண்டியிருந்த பாக்கி

நாஷ்வில்
மார்ச் 16, 2025

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் எழுதாததற்கு என் இடது முழங்கால்தான் காரணம். ஜனவரியில் பனி உறைந்திருந்த வாசற்படியில் கால் பிசகியதில், மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸ் என்ற பகுதி கிழிந்துவிட்டது. பிப்ரவரிக் கடைசியில் அறுவைச் சிகிச்சை முடிந்தது. இந்த வாரம்தான் ஊன்றுகோல் இல்லாமல் சமையலறைவரை நடக்கிறேன். நன்றாக ஆறி வருகிறது, கவலைப்படாதே. உன் மகளுக்கு ஆவணியில் முகூர்த்தம் குறித்திருக்கிறீர்கள் என்ற வரியை இவளிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். இருவரும் கட்டாயம் வருகிறோம். அம்மாவுக்குக் கண்புரை எடுத்த பிறகு பார்வை தெளிந்திருக்கிறது என்பதும் பெரிய நிம்மதி.

இனி, உன் கடிதத்தில் பாதியை எதற்காகச் செலவழித்தாயோ அந்த விஷயம். அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்-லில், ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணி தன் ஓட்டக்காரர் (பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்) சாக்வான் பார்க்லியின் ஒப்பந்தத்தை மேலும் 2 ஆண்டுகளுக்கு, 4.12 கோடி டாலருக்கு நீட்டித்த செய்தியைப் பார்த்துவிட்டு, “ஒழுங்காக வந்தான், ஓடினான், அணியே கூப்பிட்டுக் கொடுத்தது. உன் கிறிஸ் ஜான்சனும் அப்படி இருந்திருக்கலாம்” என்று எழுதியிருக்கிறாய். நம் டென்னசி டைட்டன்ஸ் அணியின் ஓட்டக்காரர் ஜான்சன் 2011-ல் கூடுதல் சம்பளம் கேட்டுப் பயிற்சி முகாமுக்கு வராமல் இருந்ததிலிருந்து, நமக்குள் பதினான்கு ஆண்டுகளாகத் தீராத வழக்கு இது. கால் நீட்டிப் படுத்திருந்த மூன்று வாரமும் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பார்க்லி 2024 பருவத்தில் ஓடியது 2,005 யார்டு (கெஜம்). ஜான்சன் 2009-ல் ஓடியது 2,006. ஒரே ஒரு யார்டு வித்தியாசம். ஒருவருக்குச் சாம்பியன் பட்டம் வென்ற மறுமாதமே புதிய ஒப்பந்தம் வருகிறது. மற்றவர் அடுத்த கோடையில் 5.5 லட்சம் டாலர் அடிப்படைச் சம்பளத்துக்குப் பயிற்சி முகாமுக்கு வா என்று அழைக்கப்பட்டார். நீ ஜான்சனின் குணத்தில் குறை காண்கிறாய். எனக்கு அவருக்குக் கிடைத்த நடத்தையில்தான் குறை தெரிகிறது.

அந்த 2009-ஐ நினைத்துப் பார். நம் அணிக்கு முதல் ஆறு ஆட்டங்களிலும் தோல்வி. நியூ இங்கிலாந்தில் கொட்டும் பனியில் 59–0 என்று தோற்ற அன்று நீ தொலைக்காட்சியை அணைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாய். பிறகு நவம்பர் 1, ஜாக்சன்வில்லுக்கு எதிரான ஆட்டம். நாம் மேல் அடுக்கில் உட்கார்ந்திருந்தோம். ஜான்சன் அன்று 228 யார்டு ஓடினார். அதில் ஒன்று 89 யார்டு ஓட்டம், ஏறக்குறைய மைதானத்தின் முழு நீளம். தடுப்பு வரிசையில் ஒரு சன்னல் அளவு இடைவெளி திறந்தது, அவர் அதில் நுழைந்தார், அவ்வளவுதான். துரத்தியவர்கள் பாதி தூரத்திலேயே நடையைத் தளர்த்திவிட்டார்கள். 40 யார்டை 4.24 விநாடியில் ஓடி அணிகளின் தேர்வு முகாமில் சாதனை படைத்த கால்கள் அவை. முன்பின் தெரியாத ஒரு பெரியவர் உன்னைக் கட்டிக்கொண்டார். அன்றைய ஆட்டத்தையும் சேர்த்துக் கடைசிப் பத்து ஆட்டங்களில் எட்டை வென்று 8–8 என்று முடித்தோம். ஜனவரியில் சியாட்டிலில் கடைசி ஆட்டம் நடந்தபோது உன் வீட்டு வரவேற்பறையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு யார்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தாய். அந்தத் தாளில் 134 என்று வட்டமிட்டு, கீழே 2,006 என்று எழுதியவன் நீதான். ஓட்டமும் பிடித்த பந்துகளும் சேர்த்து அந்தப் பருவத்தில் அவர் கடந்த 2,509 யார்டுகளை இன்றுவரை எவரும் தாண்டவில்லை.

கையெழுத்துப் போட்டவன் அதன்படி நடக்க வேண்டும் என்பது உன் வாதம். 2008-ல் ஐந்து ஆண்டுகளுக்கு 1.2 கோடி டாலர் என்று ஒப்புக்கொண்டார், அதில் 70 லட்சத்துக்கு உத்தரவாதமும் பெற்றார் என்று அப்போதே சொன்னாய். உண்மைதான். ஆனால் அந்தத் தாளில் கட்டுப்பட்டது யார்? அணி நினைத்தால் எந்த நாளிலும் ஆட்டக்காரரை நீக்கலாம், உத்தரவாதம் இல்லாத பணத்தை அதற்குப்பின் தர வேண்டியதில்லை. ஆட்டக்காரர் வராவிட்டால் அபராதம், 2011-ல் நாளொன்றுக்கு 30,000 டாலர் வரை. வெளியேறும் கதவு அணியின் பக்கத்தில் மட்டும் திறக்கிற வீடு அது. அதை இரு தரப்பும் கொடுத்த வாக்குறுதி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

2010-ல் அணிகள் புதியவர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதலாவதாகத் தேர்வான, பந்தை எறியும் ஆட்டக்காரர் சாம் பிராட்ஃபோர்டை மறந்திருக்க மாட்டாய். அந்த லீகில் ஒரு பந்துகூட எறிவதற்கு முன்பே அவருக்கு 5 கோடி டாலர் உத்தரவாதம் கிடைத்தது. எறியப்போகிறவருக்கு அவ்வளவு, ஓடி முடித்தவருக்கு 5.5 லட்சம். அந்த ஜூலையில் டைட்டன்ஸ் நிர்வாகம் ஜான்சனுக்குச் சற்று உயர்த்தித் தந்தது, ஆனால் அது அதே ஒப்பந்தத்தில் பின்னால் வரவேண்டியதை முன்னே நகர்த்தியதுதான். அவர் அதை ஏற்று வந்தார், 16 ஆட்டங்களும் ஆடினார், 1,364 யார்டு ஓடினார். நீ பார்க்லியிடம் பாராட்டுகிற பொறுமை அந்த ஆண்டு ஜான்சனிடமும் இருந்தது. அதை ஏன் கணக்கில் சேர்ப்பதில்லை?

அடுத்து வந்தது 2011. அணி உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்து மார்ச் முதல் ஜூலைவரை ஆட்டக்காரர்களை உள்ளே விடாமல் கதவைப் பூட்டிய ஆண்டு. ஆட்டக்காரர் சங்கத்துடன் 2006-ல் செய்த ஒப்பந்தம் தங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை என்று 2008-லேயே முன்கூட்டி விலக முடிவெடுத்தவர்கள் அவர்கள். அப்படி விலக அதில் இடமிருந்தது, சட்டப்படி தவறில்லை. ஆனால் 2011 ஆகஸ்டில் ஜான்சன் தன் ஒப்பந்தம் தனக்குக் கட்டுப்படியாகவில்லை என்று முகாமுக்கு வராமல் தன் ஊரில் இருந்தபோது, நாஷ்வில் முழுவதும் அவரைப் பேராசைக்காரர் என்றது. நம் அலுவலகத்தில் ஒவ்வொரு மதிய உணவு நேரத்திலும் அதே பேச்சு. நீயும் அவர்களோடு சேர்ந்துகொண்டாய் என்பது அன்று எனக்கு வலித்தது. இப்போது சொல்வதற்குக் கூச்சமில்லை.

செப்டம்பர் 1-ஆம் தேதி உடன்பாடு ஆனது. நான்கு ஆண்டு நீட்டிப்பு, 5.35 கோடி டாலர், அதில் 3 கோடி உத்தரவாதம். பிறகு நடந்ததை நீ இன்றும் ஆயுதமாக வைத்திருக்கிறாய், நான் மறுக்கப் போவதில்லை. முதல் மூன்று ஆட்டங்களையும் சேர்த்து 100 யார்டு கூட ஓடவில்லை. பருவம் முழுவதற்கும் 1,047. முகாமுக்கு வராததால் உடல் தயாராக இல்லை என்று நீ சொன்னது சரி. உரிமையாளர்களின் பூட்டு அந்த வசந்தகாலப் பயிற்சியை எல்லோரிடமிருந்தும் பறித்திருந்தது என்றாலும், ஆகஸ்டு மாதத்தை இழந்தது அவர் முடிவு. அணி 9–7 என்று முடித்து, அடுத்த சுற்றுக்குப் போகாமல் நின்றது. அந்த இலையுதிர்காலம் எனக்கும் கசந்தது.

ஆனால் நீ கணக்குப் பார்க்கிற தொழிலில் இருப்பவன். முதல் மூன்று ஆண்டுகளில் ஜான்சன் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது 925 முறை. ஒவ்வொரு முறையும் முடிவில் நூற்றுப்பத்து, நூற்றிருபது கிலோ எடையுள்ள மனிதர்கள் மேலே வந்து விழுகிறார்கள். ஓட்டக்காரனின் கால்கள் அப்படி எத்தனை முறை தாங்கும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையின் பெரும்பகுதியை அணி மலிவு விலைக்கு வாங்கிவிட்டது. 2011-ல் கொடுத்ததை நீ வருங்காலத்துக்கான முன்பணமாக எழுதுகிறாய், அதனால் நட்டம் காட்டுகிறது. அதைக் கடந்த மூன்று ஆண்டுகளின் நிலுவை என்று எழுதிப் பார். அவருக்கு வரவேண்டியிருந்த பாக்கி அது. பாக்கியை வாங்கியவனிடம் ‘அதற்குப்பிறகு என்ன செய்தாய்’ என்று கேட்பது நியாயமாக எனக்குத் தோன்றவில்லை.

அதற்குப்பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. 2012-ல் 1,243 யார்டு, நியூயார்க் ஜெட்ஸ் அணிக்கு எதிராக 94 யார்டு ஓட்டம் ஒன்று. 2013-ல் பருவத்தின் தொடக்கத்திலேயே முழங்காலில் மெனிஸ்கஸ் கிழிந்தது. ஆம், எனக்குக் கிழிந்த அதே பகுதி. நான் கழிப்பறைக்குப் போக இவள் தோளைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். அவர் அந்தக் காலோடு 16 ஆட்டங்களிலும் ஆடி, 1,077 யார்டு ஓடி, பருவம் முடிந்த பிறகே அறுவைச் சிகிச்சைக்குப் போனார். தொடர்ந்து ஆறாவது ஆண்டாக ஆயிரம் யார்டு. 2014 ஏப்ரலில் டைட்டன்ஸ் அவரை நீக்கிவிட்டது. அந்த ஆண்டுக்கு வரவேண்டிய 80 லட்சம் டாலர் சம்பளம் அத்துடன் போயிற்று. கையெழுத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்று 2011-ல் சொன்னவர்கள் ஒருவரும் அன்று அணியிடம் அதைக் கேட்கவில்லை. முழங்காலில் கட்டோடு படுத்திருந்த இரவுகளில் இதுதான் என்னை அதிகம் உறுத்தியது.

பார்க்லியிடம் திரும்புகிறேன். அவர் பொறுமையாக இருந்ததால் கிடைத்தது என்கிறாய். 2023-ல் நியூயார்க் ஜெயன்ட்ஸ் அவருக்கு நீண்ட ஒப்பந்தம் தராமல், ‘ஃபிரான்சைஸ் டேக்’ என்ற விதியைக் காட்டி ஏறக்குறைய ஒரு கோடி டாலருக்கு ஓராண்டு கட்டிப்போட்டது. அடுத்த ஆண்டு அந்த அணி அவரை விட்டுவிட்டதால்தான் ஈகிள்ஸுக்குப் போக முடிந்தது. அங்கே மூன்றாண்டு ஒப்பந்தத்தில் ஓராண்டுதான் முடிந்திருந்தது, அதற்குள் அணியே அதை மாற்றி எழுதியது. ஈகிள்ஸ் செய்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஓடிய கால்கள் இன்னும் ஓடும்போதே கொடுத்தார்கள். பாதியில் ஒப்பந்தத்தைத் திறக்கக் கூடாது என்று ஜான்சனுக்குச் சொன்ன சட்டம் இங்கே எங்கே போனது என்று மட்டும் நீ எனக்குப் பதில் எழுது.

2023 ஜூலையில் இந்த ஓட்டக்காரர்கள் பலர் தங்கள் சம்பளம் பற்றி இணையவழியில் கூடிப் பேசினார்களே, நினைவிருக்கிறதா? அதன்பிறகு கிளீவ்லாந்தின் நிக் சப் சொன்னதுதான் இந்தத் தொழிலின் முழுக் கதை. ஓட்டக்காரர் என்ற எங்கள் ஆட்ட இடத்தில் மட்டும்தான் நன்றாக ஆடுவது ஆடுகிறவனுக்கே கெடுதலாகிறது, 2,000 யார்டு ஓடினால் அடுத்த ஆண்டு தேய்ந்துவிட்டான் என்பார்கள் என்ற பொருளில் பேசினார். இரண்டு மாதத்தில் பிட்ஸ்பர்க் ஆட்டத்தில் அவர் முழங்கால் நொறுங்கியது. அந்தக் காட்சியை மறுபடி காட்டக்கூட ஒளிபரப்பினவர்கள் முன்வரவில்லை. அடுத்த வசந்தத்தில் அவர் சம்பளம் வெட்டப்பட்டது.

டெரிக் ஹென்றியைச் சொல்வாய். 30 வயதில் பால்டிமோருக்காக 1,921 யார்டு ஓடியிருக்கிறாரே, தேய்மானம் எங்கே என்பாய். அவரைப் பார்த்து எனக்கும் வியப்புதான், நம் அணிக்கு 2020-ல் 2,027 யார்டு ஓடித் தந்தவர் இன்றும் அப்படியே இருக்கிறார். ஆனால் நூறு பேரில் ஒருவருக்கு இரும்புக் கால் அமைந்தது என்பதற்காக மற்றவர்களுக்குக் காத்திருக்கச் சொல்ல முடியாது.

5.5 லட்சம் டாலர் ஏழைச் சம்பளமா என்று நீ கேட்டது எனக்கு மறக்கவில்லை. நம் இருவருடைய வருமானத்தையும் சேர்த்தாலும் அன்று அதில் பாதி வந்திருக்காது. ஆனால் அவர் கேட்காமல் விட்ட பணம் உனக்கோ எனக்கோ, கடைநிலை ஊழியருக்கோ வந்திருக்காது. டிக்கெட் விலையும் குறைந்திருக்காது. அது உரிமையாளரின் பெட்டிக்குள் தங்கியிருக்கும். அந்தப் பெட்டிக்கும் ஜான்சனின் முழங்காலுக்கும் இடையில் நான் எந்தப் பக்கம் நிற்பேன் என்பது உனக்குத் தெரியும்.

ஊர்ச் செய்தி சொல்ல மறந்துவிட்டேன். பழைய மைதானத்துக்குப் பக்கத்திலேயே புதியதைக் கட்டுகிறார்கள், 2027-ல் திறக்கப் போகிறார்கள். ஆற்றங்கரைச் சாலையில் போனால் பாரந்தூக்கிகள் தெரிகின்றன. நாம் உட்கார்ந்த மேல் அடுக்கு இடிபடுவதற்குள் நீ ஒருமுறை வர வேண்டும். பெல்வியூ கணேசர் கோயிலில் உன்னை விசாரிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தெருவெல்லாம் பேரி மரங்கள் வெள்ளையாகப் பூத்திருக்கின்றன, கால் சரியானதும் முதலில் அந்தப் பக்கம்தான் நடப்பேன்.

இன்னொன்று. 2012-ல் நீ கோயம்புத்தூருக்குக் கிளம்பியபோது, ஜான்சனின் அந்த 28-ஆம் எண் சட்டையை வேண்டாம் என்று என் அலமாரியில் விட்டுவிட்டுப் போனாய். துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். வலது தோளில் உன் ஊறுகாய்க் கறை மட்டும் போகவில்லை. கல்யாணத்துக்கு வரும்போது எடுத்து வரட்டுமா?

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி