கிராக்கோவில் உன் நினைப்பு

அன்புள்ள தங்கவேலு,

முழங்கால் எப்படி இருக்கிறது? வைத்தியர் கொடுத்த எண்ணெயைத் தேய்க்கிறாயா, இல்லை வழக்கம்போல் புட்டி அலமாரியில்தானா? இங்கே போலந்தில், கிராக்கோ நகரத்து மகள் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை, குளிர் ஒன்றைத் தவிர. பேரன் என்னைப் போலிஷில் திட்டுகிறான், தாத்தாவுக்குப் புரியாது என்ற தைரியம்.

நேற்று ஊர் நடுவில் இருக்கிற பழைய சதுக்கத்துக்குப் போனோம். 1257இல் அளந்து போட்டது, பக்கத்துக்கு 200 மீட்டர் இருக்கும். அதன் மூலையில் சிவப்புச் செங்கல்லில் மரியன்னை தேவாலயம். சதுக்கத்துக்கு நேராக நிற்காமல் கொஞ்சம் திரும்பி நிற்கிறது. சதுக்கம் வருவதற்கு முன்பே அந்த இடத்தில் கோயில் இருந்ததாம், அதனால் கோணல். எனக்கு அது பிடித்திருந்தது. கோபுரம் இரண்டும் ஒரே உயரம் இல்லை. அண்ணன் தம்பி போட்டி போட்டுக் கட்டி, கடைசியில் கத்திக்குத்தில் முடிந்ததாகக் கதை. எதிரே துணிச்சந்தையில் அந்தக் கத்தியையே தொங்கவிட்டிருக்கிறார்கள்!

சீக்கிரம் போய்விட்டதால் வாசலில் நடுங்கிக்கொண்டு நின்றோம். 11 மணிக்கு உயரமான கோபுரத்திலிருந்து எக்காளம். மணிக்கு ஒரு தடவை, நாலு திசைக்கும் ஊதுகிறார்கள், ஊதுகிறவர்கள் தீயணைப்பு வீரர்கள். பாட்டு பாதியில் சட்டென்று நின்றுவிடுகிறது. 1241இல் மங்கோலியப் படை வருவதைப் பார்த்து ஊதியவன் தொண்டையில் அம்பு பாய்ந்ததாம். அந்தக் கதையெல்லாம் பின்னால் சேர்த்தது என்கிறாள் மகள். இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்புறம் உள்ளே போனோம். நீலக் கூரையில் தங்க நட்சத்திரங்கள். ஆனால் உனக்குச் சொல்லவேண்டியது பீடத்துக்குப் பின்னால் நிற்கும் மரவேலையைப் பற்றி. 11.50க்கு ஒரு கன்னியாஸ்திரி வந்து அதன் கதவுகளைத் திறந்தார். சுமார் 13 மீட்டர் உயரம். ஜெர்மனியின் நியூரம்பர்க்கிலிருந்து வந்த ஃபைட் ஷ்டோஸ் என்ற சிற்பி 1477இல் தொடங்கி 12 வருஷம் செதுக்கியது. சட்டம் ஓக், உருவங்கள் லிண்டன் மரம், பெரியவை ஆளைவிட உயரம். நடுவில் மரியாள் உயிர் பிரியும் நேரத்தில் துவண்டு சரிகிறாள், சீடர் ஒருவர் தாங்கிப் பிடிக்கிறார். அவள் கை தொங்குகிறதே, மணிக்கட்டில் உயிரே இல்லை. மேலே இன்னொருவர் விரல்களைக் கோத்து நெரிக்கிறார், புறங்கையில் நரம்பு புடைத்து நிற்கிறது. நீ தேருக்கு யாளி செதுக்கியபோது நகத்துக்காக மூன்று நாள் செலவிட்டு மேஸ்திரியிடம் திட்டு வாங்கினாயே, அதுதான் ஞாபகம் வந்தது. பணம் கொடுத்தவர்கள் இவரையும் அவசரப்படுத்தியிருப்பார்கள்.

போருக்கு முன் இதைக் கழற்றி ஒளித்துவைத்தும் நாஜிகள் கண்டுபிடித்து எடுத்துப்போய்விட்டார்கள். எங்கே தெரியுமா? சிற்பியின் அதே நியூரம்பர்க்குக்கு. 1946இல் திரும்பி வந்து, 1957இல்தான் பழைய இடத்தில் ஏறியது.

ஒரு சந்தேகம். லிண்டன் சிலைகளைப் பின்பக்கம் குடைந்து கூடாக்கிவிடுவார்களாம், காயும்போது வெடிக்காமல் இருக்க. நம் இலுப்பையில் நீங்கள் அப்படிச் செய்வதுண்டா, இல்லை காயவைத்து விட்டுவிடுவீர்களா? மகனிடம் சொல்லிப் பதில் போடச் சொல். சித்திரைக்கு ஊரில் இருப்பேன்.

உன்,
ராஜகோபால்