சிகிரியாவுக்கு ஆட்களை அழைத்துப் போகும் பயண ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். எங்களை அழைத்துப் போனவர்கள் பெயரை இங்கே எழுதவில்லை. இலங்கைப் பயணம் நடத்தும் எல்லோருமே இதைப் படிக்க வேண்டும்.

சிகிரியா பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுமார் 1,200 படிகள், கடைசியில் பாறையோடு ஒட்டிய இரும்புப் படிக்கட்டு. நீங்கள் தந்த தாளில் இருந்ததோ, 'சிகிரியா கோட்டை பார்வையிடல்' என்ற ஒரே வரி.

என் அம்மாவுக்கு 67 வயது. பள்ளியில் சரித்திரம் நடத்தியவர். தந்தை தாதுசேனனைக் கொன்று அரசனான காசியப்பன், இந்தியாவுக்குத் தப்பிப் போன தன் சகோதரன் மொகல்லானன் படையோடு திரும்புவான் என்று பயந்து இந்தப் பாறைமேல் அரண்மனை கட்டிய கதையைப் பஸ்ஸில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு வந்தார்.

காலையில் கண்டியிலிருந்து கிளம்பினோம். மாத்தளையில் ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்தில் ஒன்றரை மணி நேரம். அப்புறம் சாப்பாடு. கோட்டை வாசலில் இறங்கும்போது மணி பன்னிரண்டரை. மூன்று மணிக்கு பஸ் கிளம்பிவிடும் என்றார் வழிகாட்டி.

அந்த வெயிலில் கைப்பிடிக் கம்பியைத் தொட முடியவில்லை. அம்மா முந்தானையை நாலாக மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறினார். சிங்கப் பாதச் சிற்பங்கள் இருக்கும் தளம் வரை வந்துவிட்டார். முழங்கால் வீங்கிவிட்டது. மேலே போகும் இரும்புப் படிகளை அண்ணாந்து பார்த்தவர், "நீ போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுப்பா" என்றார். நான் போகவில்லை. அதற்குள் வழிகாட்டி இரண்டு முறை போன் செய்துவிட்டார்.

நான் கேட்பது ஒன்றுதான்: பணம் வாங்கும் முன்பே படிக்கணக்கைச் சொல்லுங்கள், வெயில் ஏறுமுன் அழைத்துப் போங்கள். ஏற முடியாதவர்கள் அடிவாரத்து நீர்த்தோட்டத்தையே நிதானமாகப் பார்க்கலாமே! காசியப்பன் காலத்து நீரூற்றுகள் மழைக்காலத்தில் இன்றும் பீறிடுகின்றன. 1,500 வருஷத்துக்கு முந்தைய வேலை அது. அதைத் தாண்டி எங்களை ஓட்டிக்கொண்டு போனீர்கள்.

திரவியத் தோட்டத்துக்கும் ரத்தினக் கடைக்கும் மட்டும் நேரம் எங்கிருந்து வருகிறது? வயதானவர்கள் சேமிப்பை எடுத்துக் கட்டும் பணத்தில்தானே உங்கள் பஸ் ஓடுகிறது? அவர்களைக் கடைவாசலில் இறக்கிவிடும் சரக்காக நடத்துவது சரியில்லை.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் மன்னிக்கவும். அடுத்த பயணத் தாளை அச்சடிக்கும் முன் அந்த ஒரு வரியைத் தயவுசெய்து திருத்துங்கள். எத்தனை படி, எத்தனை மணிக்கு ஏறுவோம், ஏறாதவர்கள் எங்கே இருக்கலாம் என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்களோடு பயணம் வந்த ஒரு மகன்